கடன் கட்டினால் கப்பல்

கிளென்மூர் தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அதைப் பிரித்து வாசித்துச் சொல்வது மரியரட்ணம்தான். பதில் எழுதுவதும் அவன்தான். பகல் முழுக்க மலையில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளின் தலையை வெட்டிவிட்டு, சாயந்தரம் கை கால் கழுவி, லயத்து வரிசைவீட்டு வாசலில் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். பிறப்புப் பத்திரம், சேமலாப நிதி, பிரஜாவுரிமை, இந்தியப் பாஸ்போர்ட் என்று எந்த விண்ணப்பப் பாரம் வந்தாலும் நிரப்பிக் கொடுப்பான். காசு வாங்க மாட்டான். ஆனால் தனக்கு வந்த கடிதத்தை மட்டும் பிரிக்க மாட்டான். அப்படி வந்தவை பதினாறு. பதினாறும் நுவரெலியாவில் இருந்த புனித யாகப்பர் கல்வி உதவிச் சங்கம் அனுப்பியவை. வந்த வரிசையிலேயே மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான். மாதா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தானோ என்னவோ.

பதினேழாவது கடிதம் எனக்கு வந்தது. நான் அந்தத் தோட்டத்து ஆபீஸில் கிளார்க். பெயர் லியனார்ட். 1969இல் மரியரட்ணம் அந்தச் சங்கத்திடம் படிப்புக் கடன் வாங்கியபோது பிணைக்குக் கையெழுத்துப் போட்ட இரண்டு புத்திசாலிகளில் நான் ஒருவன். மற்றவர் சின்னத்தம்பி கங்காணி. அவர் 1973இலேயே இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தவன் நான்தான். ‘கடனாளி தவறியுள்ளமையால் பிணையாளியாகிய தங்களிடமிருந்து 1,778 ரூபாய் அறவிட நேரிடும்’ என்று கடிதம் சொன்னது. அது என்னுடைய மூன்று மாசச் சம்பளத்துக்கு மேல். வாசித்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆளை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினேன்.

மரியரட்ணம் தனியாக இருக்கும்போது என்னை அண்ணே என்பான். ஆபீசுக்குள் வந்தால் ஐயா.

“என்னடா இது?”

கடிதத்தை நிதானமாக வாசித்தான். மற்றவர்களின் கடிதத்தை வாசிக்கிற அதே முகம்.

“வட்டிங்க ஐயா.”

“வட்டின்னு எனக்குத் தெரியுது. அசல ஏன்டா கட்டல?”

“ரெண்டு வருசப் படிப்புக்குத்தான் தொள்ளாயிரம் ரூவா குடுத்தாங்க. நான் ஏழு மாசந்தானே படிச்சேன்? ஏழு மாசத்துக்கு உள்ளத மட்டும் கேப்பாங்கன்னு இருந்தேன்.”

“கேட்டாங்களா?”

“தெரியாதுங்க. நான் பிரிக்கலையே.”

அவன் படிக்கப் போனது கொழும்பில் கணக்கு எழுதும் படிப்பு. ஏழாவது மாசம் அவன் அப்பா மலையில் வழுக்கி விழுந்து செத்துப் போனார். அடக்கத்துக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அம்மாவையும் சின்னப் பிள்ளையாக இருந்த தங்கச்சியையும் விட்டுப் போக மனம் வரவில்லை என்பது உண்மை. கொழும்பு வெக்கையில் அவன் இரவில் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்தான், அதனால் திரும்பிப் போக அவ்வளவு ஆசையும் இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

வட்டிக் கணக்கு இப்படி: நூற்றுக்கு ஆறு வீதம், பன்னிரண்டு வருசத்துக்கு 648 ரூபாய். தவணை தவறியதற்கு அபராத வட்டி என்று இன்னொன்று, பத்து வருசத்துக்கு 270. இரண்டையும் கூட்டினால் வட்டி அசலைவிடப் பதினெட்டு ரூபாய் அதிகம். 1971இல் மனச்சாட்சி உறுத்திய ஏதோ ஒரு நாளில் அவன் நாற்பது ரூபாய் கட்டியிருந்தான். அதைக் கழித்துத்தான் 1,778.

நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் தங்கச்சி டோரீன் வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. கையில் அந்தப் பதினாறு கடிதமும் இருந்தன. எல்லாவற்றையும் பிரித்து, தேதிவாரியாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டியிருந்தாள்.

“இதுக்கெல்லாம் நான் பதில் சொல்றேன் ஐயா. எனக்குக் கண்டியில நர்ஸ் படிப்புக்கு எடம் கெடைச்சிருக்கு. சிஸ்டர்மாரு நடத்துறது. பெப்ரவரி ஒம்பதாந் தேதி சேரணும். பீஸ் ஆயிரத்து எரநூறு. அதுக்கு இந்தச் சங்கத்துக்கிட்டதான் கடன் கேட்டிருக்கேன். பழைய பாக்கி இருக்கிற வீட்டுக்குப் புதுக்கடன் இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

மரியரட்ணம் எனக்கு வந்த கடிதத்தை நாலாக மடித்தான்.

“அவரு படிக்காம வந்ததுக்கு நான் ஏன் காலம் பூரா கொழுந்து பறிக்கணும்?” என்றாள் டோரீன். அண்ணனைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். ஆனால் அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

அந்தக் கட்டின் அடியில் கடைசியாக இருந்த கடிதத்தில்தான் விடிவு இருந்தது. சங்கத்துக்கு வெள்ளி விழாவாம். 1981 ஜனவரி முப்பதாந் தேதிக்குள் ஒரே தடவையில் தீர்ப்பவர்களுக்கு அபராத வட்டி முழுக்கத் தள்ளுபடி, மற்ற வட்டியில் பாதி தள்ளுபடி. அதாவது 900ம் 324ம் சேர்த்து 1,224 ரூபாய். எங்களுக்கு இருந்தது இருபத்து நான்கு நாள்.

“கட்டிடுறேன்,” என்றான் மரியரட்ணம். பன்னிரண்டு வருசத்தில் அந்தச் சொல்லை அன்றுதான் சொன்னான்.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட நாளிலிருந்து, மாசத்துக்கு ஒரு குடும்பமாவது கப்பலேறி இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. போகும் நாளை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்திவிடுவார். கண் பட்டுவிடும் என்ற பயம் வேறு. அதனால் ஊர் அடையாளத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். முதலில் கடைக் கடனைத் தீர்ப்பார்கள். பிறகு ரேடியோவோ சைக்கிளோ விலைக்குப் போகும். குடும்பமாகப் போய்ப் போட்டோ எடுப்பார்கள். கடைசியில் புதிதாக ஒரு தகரப் பெட்டி வீட்டுக்கு வரும். பெட்டி வந்துவிட்டால் கப்பல்தான், சந்தேகமே இல்லை.

மரியரட்ணம் நான்கையும் ஒரே வாரத்தில் செய்தான்.

சங்கம் டோரீனின் விண்ணப்பத்தோடு இரண்டு சாமான் கேட்டிருந்தது. ஒன்று, வழக்கமாகக் கொடுக்கல் வாங்கல் செய்யும் கடையில் பாக்கி இல்லை என்ற கடிதம். மற்றது போட்டோ. முதல் வேலையாகப் பஜாரில் முத்துலிங்கம் முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் போனான். நானும் கூட இருந்தேன்.

“எங்க கணக்க முடிச்சு விடுங்க மொதலாளி.”

“முப்பத்தேழு அம்பது. என்னா இப்ப அவசரம்?”

“அவசரந்தானுங்க. அதோட, எங்க குடும்பத்துக்கு இங்க பாக்கி ஒண்ணும் இல்லைன்னு ஒரு துண்டு எழுதிக் குடுங்க.”

முதலாளியின் பேனா நின்றது. இருபது வருசமாகக் கடை வைத்திருப்பவர். அப்படித் துண்டு எழுதி வாங்கிப் போன ஒருவரும் மறுபடி அவர் கடைப்படி ஏறியதில்லை.

“எப்ப?” என்றார் மெதுவாக.

“முப்பதாந் தேதிக்குள்ள முடிக்கணுமுங்க.”

“இவ்வளவு சீக்கிரமா!” என்றவர், துண்டோடு ஒரு பக்கட் பேரீச்சம்பழத்தையும் எடுத்து வைத்தார். “அம்மாவுக்குக் குடுங்க. எங்க இருந்தாலும் நல்லா இருங்க.”

மரியரட்ணம் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். வெளியே வந்து, “நல்ல மனுசன் அண்ணே, கடனக் கட்டினதுக்கே பழம் குடுக்கிறாரு,” என்றான். எனக்கும் அப்போது பொறி தட்டவில்லை.

ரேடியோவைப் பக்கத்து லயத்து மூக்கன் நூற்றைம்பதுக்கு வாங்கிக்கொண்டான். போட்டோவுக்கு டோரீன் ஒருத்தி போனால் போதும். ஆனால் அவர்களுடைய அம்மா மரியநாயகி, “பஸ்ஸுக்குச் சல்லி குடுத்துப் போறது போறோம், ஒரேயடியா மூணு பேரும் நிப்போம்,” என்று கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திரும்பி வரும்போது சிஸ்டர்மார் கொடுத்த பட்டியல்படி டோரீனுக்கு ஒரு தகரப் பெட்டியும் வாங்கினார்கள். சாயந்தர பஸ்ஸின் கூரையிலிருந்து அந்தப் பச்சைப் பெட்டி இறங்கியதைப் பாதித் தோட்டம் பார்த்தது. மீதிப் பாதி அரை மணி நேரத்தில் கேள்விப்பட்டது.

அன்று இரவே மூக்கன் வந்து மரியரட்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நாளைக்கு எங்க வீட்டுல சாப்பாடு. சேவல் அடிக்கிறேன்.”

“எதுக்கண்ணே?”

“எதுக்கா? போறவங்களுக்குச் சோறு போடாம அனுப்புவமா?”

“நாங்க எங்கயும் போகல மூக்கண்ணே.”

மூக்கன் தலையை ஆட்டிச் சிரித்தான். “எல்லாரும் அப்புடித்தான் சொல்றாங்க.”

பேதுரு மூன்று தடவை மறுதலித்ததைப் பெரிய வெள்ளிக்குப் பெரிய வெள்ளி கேட்டு வளர்ந்தவன் மரியரட்ணம். அவன் அந்த வாரத்தில் முப்பது தடவை மறுத்தான். ஒருவரும் நம்பவில்லை. மறுக்க மறுக்க நாள் நெருங்கிவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். ஊருக்கெல்லாம் பாரம் நிரப்பிக் கொடுத்தவன், தான் எந்த நாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான் என்று யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அவன் இந்த நாட்டுக்கே போட்டிருந்தது எனக்குத் தெரியும். என்னிடம் வந்து கேட்டவர்களிடம் நானும் இல்லை என்றுதான் சொன்னேன். “கிளார்க்கையா வேற எப்புடிச் சொல்லுவாரு? ஆபீஸ் ரகசியமாச்சே!” என்று எனக்கே சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்கள். அழகுமுத்து என்ற புது மாப்பிள்ளை ஒருபடி மேலே போனான். அவர்கள் காலி பண்ணப்போகும் காம்பராவில் தன் கட்டில் கொள்ளுமா என்று முழக்கயிறோடு வந்து அளந்தான். அளந்து முடித்துவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து எத்தனை வருசமாகிறது என்று மரியநாயகியிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

பொங்கல் முடிந்த கையோடு விருந்து தொடங்கியது. போகிறவர்களை வீட்டுக்கு வீடு கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, கிளம்பும்போது வழிச் செலவுக்கு என்று கையில் காசை வைத்து மடக்கிவிடுவது எங்கள் வழக்கம். அந்தக் காசை வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். மூக்கன் வீட்டில் பதினைந்து ரூபாய். அடுத்த லயத்தில் பத்து. ஒரு வீட்டில் இருபது ரூபாயும் ஒரு பெனியனும். மரியரட்ணத்துக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. மரியநாயகிக்கு நன்றாகவே இறங்கியது.

“அம்மா, இது தப்பு. நாம போகல. இந்தச் சல்லி நமக்குச் சேராது,” என்றான் அவன். அன்று நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

“ஏன்டா சேராது? சின்னத்தம்பி கங்காணி போகயில பத்து ரூவா குடுத்தேன். அவரு மருமக போகயில சீல எடுத்துக் குடுத்தேன். முப்பது குடும்பத்துக்குக் குடுத்திருக்கேன்டா நானு! அவங்க எல்லாம் போய்ட்டாங்க. குடுத்தத எனக்கு யாரு திருப்பித் தரப் போறா? அத வாங்க நானும் கப்பல்ல ஏறணுமாக்கும்?”

“அவங்க நம்ம போறோம்னு நெனச்சு சேவல் அடிக்கிறாங்கம்மா. அது பொய்யில்லையா?”

“சேவல் நெசந்தானே?” என்றாள் அந்த அம்மாள். அதற்கு மேல் அவளோடு யார் பேச முடியும்?

மரியரட்ணம் என்னைப் பார்த்தான். கையில் ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருந்தான். யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தான். ‘மூக்கன், ரூபாய் 15, சேவல் 1’ என்று முதல் வரி. திருப்பிக் கொடுப்பதற்காம். இப்போதே ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டான்.

நான் அப்போது சொன்ன புத்தியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. “முப்பதாந் தேதி முடியட்டும். பிறகு சொல்லிக்கலாம்,” என்றேன். டோரீனுக்காகச் சொன்னேன் என்று அவனிடம் சொன்னேன். என் மூன்று மாசச் சம்பளமும் கண் முன்னால் வந்து நின்றது என்பதை அவனிடம் சொல்லவில்லை. அவன் விருந்தைத் தட்டிக்கழிக்கப் பார்த்தான். வீட்டுக்கே சட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கடைசியாக வந்தவள் வேலாயி. அறுபது வயது தாண்டிய மனுசி. அவள் மகனும் மருமகளும் 1974இல் திருச்சிப் பக்கம் போய்விட்டார்கள். இவளுடைய பேப்பரில் ஏதோ கோளாறு என்று இவளை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்தக் கோளாறைத் தீர்க்க மரியரட்ணம் எழுதிய மனுக்களுக்குக் கணக்கே இல்லை. அவள் ஐந்து ரூபாயும் ஒரு பொட்டலமும் கொண்டுவந்தாள். பொட்டலத்தில் அரை கிலோ தேயிலைத் தூளும் ஒரு கம்பளித் தொப்பியும் இருந்தன. தொப்பி, அவள் கண்ணால் பார்த்திராத பேரப்பிள்ளைக்கு.

“நீ நேருல போய்க் குடுத்திரு தம்பி. குடுத்திட்டு, அந்தப் புள்ள மொகம் யாரு மாதிரி இருக்குன்னு ஒரு வரி எழுதிப் போடு.”

மரியரட்ணம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனவன், வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தான்.

முப்பதாந் தேதி காலையில் நான், அவன், டோரீன் மூவரும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினோம். கையில் இருந்த கணக்கு எனக்கு இன்றும் மனப்பாடம். பெட்டி, போட்டோ, கடைக் கடன் எல்லாம் போக அவன் சொந்தக் காசு 377 ரூபாய் ஐம்பது சதம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தது நூறு. ஐம்பத்தெட்டு வீட்டுக் காசு 712. ஆக 1,189 ரூபாய் ஐம்பது சதம். வேண்டியதோ 1,224. முப்பத்து நான்கு ரூபாய் ஐம்பது சதம் துண்டு விழுந்தது.

சங்கம் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது. செயலாளர் லோரன்ஸ் ஐயா ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். சதக் கணக்குக்கும் முத்திரைக்கும் வாழ்க்கைப்பட்டவர். காசை மூன்று தரம் எண்ணினார்.

“குறையுது தம்பி.”

“எழுபத்தோராம் வருசம் நாப்பது ரூவா கட்டியிருக்கேனுங்க,” என்று மரியரட்ணம் ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து பழுப்பேறிய ஒரு ரசீதை எடுத்து வைத்தான்.

லோரன்ஸ் ஐயா லெட்ஜரைப் புரட்டினார். “அது அபராத வட்டிக்கு வரவு வச்சாச்சு. சலுகையில அது சேராது.”

நான் காசை மறுபடி எண்ணத் தொடங்கினேன். டோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். மரியரட்ணம் மட்டும் அசையவில்லை. பன்னிரண்டு வருசம் அடுத்தவர்களுக்காக அதிகாரிகளோடு எழுதி எழுதி மல்லுக்கட்டிய அனுபவம் அன்றுதான் அவனுக்குக் கைகொடுத்தது.

“ஐயா, அபராத வட்டிய முழுசாத் தள்ளிட்டோம்னு எழுதியிருக்கீங்களா?”

“எழுதியிருக்கோம்.”

“அப்ப அந்த வட்டியே இல்ல. இல்லாத வட்டிக்கு என் நாப்பது ரூவாய எப்புடி எடுப்பீங்க? ஒண்ணு, அந்த ரூவா அசலுக்கு வரணும். இல்லைன்னா என் கையில வரணும். எங்க வச்சிருக்கீங்கன்னு காட்டுங்க, நான் போயிடுறேன்.”

லோரன்ஸ் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டார். லெட்ஜரைப் பார்த்தார், சுவரில் இருந்த யாகப்பர் படத்தைப் பார்த்தார், மறுபடி லெட்ஜரைப் பார்த்தார். 

“ஏழு மாசந்தான் படிச்சீங்கன்னு இதுல இருக்கே,” என்றார் கடைசியில். “முழுசாப் படிச்சிருந்தா எங்களையெல்லாம் வித்திருப்பீங்க.” நாற்பதைக் கழித்து 1,184 ரூபாய்க்கு ரசீது எழுதினார். குறுக்கே ‘தீர்ந்தது’ என்று சிவப்பு மையில் அடித்தார்.

நான்கு மணிக்குக் கமிட்டி கூடி டோரீனுக்குக் கடன் கொடுக்கச் சம்மதித்தது. அதற்கும் இரண்டு பிணை வேண்டுமாம். ஒன்றுக்கு மூவரும் என்னையே பார்த்தார்கள். போட்டேன், என்ன செய்வது? மற்றதற்கு யாரைப் பிடிப்பது என்று நாங்கள் முழித்துக்கொண்டு நிற்க, லோரன்ஸ் ஐயா பேனாவை என்னிடமிருந்து வாங்கித் தானே போட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மிச்சம் இருந்தது ஐந்து ரூபாய் ஐம்பது சதம். மரியரட்ணம் நேரே தபால் கந்தோருக்குப் போய், வேலாயியின் பொட்டலத்தை அவள் மகன் விலாசத்துக்குப் பார்சலாகப் போட்டான். பதினெட்டு ரூபாய் ஆனது. குறைந்ததை யார் கொடுத்தது என்று சொல்லத் தேவையில்லை.

இனி உண்மையைச் சொல்வதுதான் பாக்கி. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் போய்விட்டது. ஐம்பத்தெட்டு வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு எந்த வாயால் தொடங்குவது? பெப்ரவரி எட்டு ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ்ஸில் தங்கச்சியைச் சத்தமில்லாமல் கூட்டிப் போய் நானுஓயாவில் ரயிலேற்றிவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் திட்டம் போட்டிருந்தான். விடியற்காலையில் பெட்டியோடு கதவைத் திறந்தால், வாசலில் கொழுந்து லொறி நிற்கிறது. அதற்குள் நாற்பது பேர்.

பயணம் போகிறவர்களுக்குத் தோட்டத்து லொறி கொடுப்பது வழக்கம். அதற்கு முந்தின நாள் தோட்டத்தை நடத்தும் தொரை என்னைக் கூப்பிட்டு, மரியரட்ணத்துக்கு லொறித் துண்டு எழுதச் சொன்னார். நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த ஊருக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் வீரம்.

வழியெல்லாம் அழுகை. மரியநாயகியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அவளும் சூழ்நிலைக்கு ஏற்றபடி அழுதாள். நானுஓயாவில் ஸ்டேஷன் மாஸ்டர் எங்களைப் பார்த்ததும் அலுத்துக்கொண்டார். இப்படி எத்தனை கூட்டம் பார்த்தவர் அவர்!

“கீ தெனெக்த? தலைமன்னாரட்டத?” என்றார் டிக்கட்டை எடுத்தபடி, எத்தனை பேர், கப்பலேறும் தலைமன்னாருக்கா என்று சிங்களத்தில்.

“எக்கெனய் மஹத்தயா,” என்றான் மரியரட்ணம், குனிந்த தலையோடு. “மஹநுவரட்ட.”

அவன் முதுகோடு ஒட்டி நின்ற மூக்கனுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்.

“ஒருத்தரா? கண்டிக்கா?” என்று கத்தினான்.

அழுகை நின்றது. நாற்பது பேரும் மரியரட்ணத்தைப் பார்த்தார்கள். அவன் திரும்பினான். எல்லாவற்றையும் சொன்னான். படிப்புக் கடன், வட்டி, தங்கச்சியின் இடம், அவர்கள் கொடுத்த காசு எங்கே போனது என்பது வரை.

“நாங்க இந்தியாவுக்குப் போகல. டோரீன் மட்டும் படிக்கப் போறா. உங்கள நான் ஏமாத்திட்டேன். எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன், ஒரு சதம் விடாமத் திருப்பித் தாறேன். நூத்துக்கு ஆறு வட்டியும் தாறேன்.”

“அப்ப என் சேவல்?” என்றான் மூக்கன்.

“அதையும் எழுதியிருக்கேன் அண்ணே.”

“அப்ப காம்பரா?” என்று பின்னாலிருந்து அழகுமுத்துவின் குரல் கேட்டது. “நான் சுண்ணாம்பு கூட வாங்கிட்டேனே!”

யாரோ சிரித்தார்கள். யாரோ திட்டினார்கள். அதற்குள் வேலாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். சிரித்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

“என் பொட்டலம்?”

“தபால்ல போட்டுட்டேன் ஆத்தா. இந்தா ரசீது.”

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ரசீதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டாள்.

“அப்ப நீ போகல?”

“போகல ஆத்தா.”

“இன்னொரு நா போவியா?”

“இல்ல ஆத்தா. நாங்க இங்கதான் எழுதிப் போட்டிருக்கோம். இங்கதான் இருக்கப் போறோம்.”

வேலாயி வலது கையைத் தூக்கினாள். அவள் அறையப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

“போறவங்களுக்கே குடுத்துக் குடுத்து இந்தக் கை ஓஞ்சு போச்சு,” என்றாள். “இருக்கேன்னு சொல்ல இன்னைக்குத்தான் ஒருத்தன் வந்திருக்கான். இருக்கிறவனுக்குக் குடுத்ததா எழுதிக்க. எங்கிட்ட வட்டி கிட்டின்னு பேசின, வாயக் கிழிச்சுப் போடுவேன்.”

ரயில் வந்தது. மூக்கன்தான் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். டோரீன் ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். ரயில் நகர்ந்ததும், பாதியில் நிறுத்திய அழுகையைப் பெண்கள் மறுபடி தொடங்கினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணத்தை மரியரட்ணம் இரண்டு வருசத்தில் திருப்பிக் கொடுத்து முடித்தான். பாதிப் பேர் வாங்கினார்கள், பாதிப் பேர் வாங்கவில்லை. மூக்கன் சேவலுக்குப் பதிலாகச் சேவல் வாங்கிக்கொண்டான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் திரும்பி வந்த வழிதான். எத்தனையோ தடவை அதே லொறியில் நானுஓயாவுக்குப் போய், குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றிவிட்டு, பாதி வெறும் லொறியில் யாரும் யாரோடும் பேசாமல் திரும்பியிருக்கிறோம். அன்று வழி நெடுகச் சண்டை. சேவல் கிழடு, வேகவே இல்லை என்று மரியநாயகி சொல்ல, மூக்கன் எகிறினான். சுண்ணாம்பு மூட்டையை யார் தலையில் கட்டுவது என்று அழகுமுத்து கேட்டுக்கொண்டே வந்தான். மரியரட்ணம் நடுவில் உட்கார்ந்து எல்லாருடைய திட்டையும் வாங்கிக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்த வேலாயி அவன் சட்டை நுனியைக் கையில் பிடித்திருந்தாள். லொறி தோட்டத்துக்குள் நுழையும் வரை அவள் அதை விடவே இல்லை.